முன்சக்கரம் சுழலுது, பின்சக்கரம் நிக்குது: இரட்டை மோட்டார் கிராலரில் கோளாறு எங்கே?

பினாங்கின் பத்து பெரிங்கி கடலோரக் கருங்கல் பாறை ஒன்றில் ஆர்சி கிராலர் ஒன்று, அதாவது ரிமோட்டில் பாறை ஏற்றும் சின்ன வண்டி, பாதி ஏறி நிற்கிறது. முன்சக்கரங்கள் இரண்டும் வழுக்கிக்கொண்டு சுழல்கின்றன. பின்சக்கரங்களில் அசைவே இல்லை. பின் மோட்டாரிலிருந்து மெல்லிய ‘ங்ங்ங்’ சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்தில் நிற்பவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “பின் மோட்டார் போச்சுண்ணே, மாத்திடுங்க.” புது மோட்டார் வரும், கழற்றி மாட்டுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பாறை, அதே இடம், அதே சத்தம்.

பழைய மோட்டாரும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மோட்டாரையும் இணைத்த விதத்தில்தான் வினை. இரட்டை மோட்டார் வண்டியை இரண்டாம் கையாக வாங்கியவர்களும், பழைய ஆக்சில்களை வாங்கிச் சொந்தமாகக் கட்டுபவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இதைச் சுற்றியே வருகின்றன. ஒரு இஎஸ்சி (மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி) போதுமா, இரண்டு வேண்டுமா? ஒயரை எப்படிச் சேர்ப்பது? ‘டிக்’ என்றால் என்ன? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஷாஃப்ட் வண்டி, எம்ஓஏ வண்டி

கிராலர் வேகத்துக்கான வண்டி இல்லை. நாம் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக, டயர் பாறையைத் தடவித் தடவி ஏறவேண்டும். இதற்காக ஒவ்வொரு ஆக்சிலிலும் இடது வலது சக்கரங்களை ஒன்றாகப் பூட்டிவிடுவார்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது இழுக்கும்.

பெரும்பாலான வண்டிகளில் நடுவில் ஒரே மோட்டார் இருக்கும். அங்கிருந்து கியர்பெட்டி, அதிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் ஆளுக்கொரு ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு. இவை ஷாஃப்ட் வண்டிகள். இன்னொரு வகையில் ஷாஃப்ட்டே கிடையாது. முன் ஆக்சில் மேல் ஒரு மோட்டார், பின் ஆக்சில் மேல் ஒரு மோட்டார். ஆக்சில் மேல் மோட்டார் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் எம்ஓஏ.

எண்ணம் புதிதல்ல. 1987-இல் தாமியா வெளியிட்ட கிளாட் பஸ்டர் என்ற பெரிய டயர் வண்டியிலேயே ஆக்சிலுக்கு ஒரு மோட்டார் இருந்தது. அந்த ஆக்சில்களைப் பிடுங்கி, நீளமான கம்பிகளோடு வேறு சேஸியில் பொருத்திப் பாறை ஏற்றியவர்கள் பலர். பிறகு ஆக்ஸியல் நிறுவனத்தின் எக்ஸ்ஆர்10 மாதிரி, போட்டிக்கென்றே செய்த எம்ஓஏ வண்டிகள் கடைக்கு வந்தன.

இதில் என்ன லாபம்? ஷாஃப்ட் வண்டியில் த்ராட்டிலை அழுத்தியதும் சுழலும் ஷாஃப்ட் சேஸியை ஒரு பக்கமாக முறுக்கும். செங்குத்தான இடத்தில் அந்த முறுக்கு ஒரு முன்சக்கரத்தைத் தூக்கி வண்டியையே கவிழ்த்துவிடும். எம்ஓஏவில் முறுக்க ஷாஃப்ட் இல்லை. மோட்டார் எடை கீழே ஆக்சிலில் உட்காருவதால் வண்டி தரையோடு ஒட்டி நிற்கும். மூன்றாவது லாபம்தான் பெரியது. முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியாக ஆட்டிவைக்கலாம்.

ஆனால் விலையும் உண்டு. ஷாஃப்ட் வண்டியில் முன்னும் பின்னும் வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதை இரும்புக் கியர் முடிவு செய்கிறது. முன் ஒரு சுற்று என்றால் பின்னும் ஒரு சுற்று, பேச்சுக்கே இடமில்லை. எம்ஓஏவில் அந்த இரும்பைக் கழற்றி எறிந்துவிட்டோம். பங்கு பிரிக்கும் வேலை இப்போது ஒயருக்கு வந்துவிட்டது. ஒயரைத் தவறாகச் சேர்த்தால் பங்கும் தவறாகத்தான் பிரியும்.

மோட்டாருக்குத் தெரிந்த இரண்டே விஷயம்

முதலில் பிரஷ் மோட்டாரை, அதாவது சுழலும் பகுதியை உரசியபடி மின்சாரம் கொடுக்கும் பிரஷ் உள்ள வகையை, எடுத்துக்கொள்வோம். கிராலர்களில் இன்றும் பரவலாக ஓடுவது அதுதான்.

1. மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பதை வோல்ட் தீர்மானிக்கிறது.
2. எவ்வளவு பலமாக முறுக்கும் என்பதை அதற்குள் ஓடும் ஆம்பியர் தீர்மானிக்கிறது.

இந்த இரண்டையும் முடிச்சுப் போடுவது எதிர் மின்னழுத்தம். மோட்டார் சுற்றும்போது அதுவே ஒரு சைக்கிள் டைனமோ மாதிரி மின்சாரம் உண்டாக்கி, உள்ளே வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளும். வேகம் கூடக் கூட எதிர்ப்பு கூடும், உள்ளே நுழையும் ஆம்பியர் குறையும். சக்கரம் பாறையில் சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் எதிர்ப்பு பூஜ்யம். அப்போது தடுப்பது கம்பிச்சுருளின் மின்தடை மட்டும்தான். ஆம்பியர் வெள்ளம்போல் பாயும்.

மோட்டாருக்கு எவ்வளவு வோல்ட் என்பதை அளந்து கொடுப்பது இஎஸ்சி என்கிற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி. அது மின்சாரத்தை ஒரு வினாடிக்குள் ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. கால்வாசி நேரம் திறந்திருந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது பேட்டரி வோல்ட்டில் கால்வாசி.

ஒரு கணக்குப் போடலாம். 3எஸ் லிப்போ (மூன்று செல் லித்தியம் பாலிமர்) பேட்டரி, 11.1 வோல்ட். மோட்டார் சுருளின் மின்தடை 0.3 ஓம் என்று வைத்துக்கொள்வோம் (டர்ன், அதாவது சுருளில் கம்பி சுற்றிய எண்ணிக்கைக்கு ஏற்ப இது மாறும்). த்ராட்டில் கால்வாசி. சக்கரம் சிக்கி மோட்டார் நின்றுவிட்டது.

மோட்டாருக்குக் கிடைக்கும் வோல்ட் சுமார் 2.8. அதை 0.3-ஆல் வகுத்தால் சுமார் 9.3 ஆம்பியர். பேட்டரியிலிருந்து போவதோ 2.3 ஆம்பியர் மட்டுமே. இஎஸ்சி மின்சாரத்துக்கு ஒரு கியர்பெட்டி மாதிரி. வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டிக் கொடுக்கிறது. பேட்டரி ஒயரில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு “ரெண்டு ஆம்பியர்தானே” என்று நிம்மதி அடைபவர் இங்கேதான் ஏமாறுகிறார். நின்றுபோன மோட்டாருக்குள் அந்த 9.3 ஆம்பியர் உண்டாக்கும் வெப்பம் சுமார் 26 வாட். ஈயம் வைக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை மோட்டார் டப்பாவுக்குள் செருகி மூடியதற்குச் சமம்.

ஒரு இஎஸ்சி, இரண்டு மோட்டார்: தொடரா, இணைக்கரையா?

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் பேட்டரியையும் இரண்டு பல்பையும் வைத்துச் செய்த தொடர் மின்சுற்று, இணைக்கரை மின்சுற்று ஞாபகம் இருக்கிறதா? மலாயில் செசிரி, செலாரி. அதே இரண்டுதான் இங்கேயும். பல்புக்குப் பதில் மோட்டார்.

தொடர் மின்சுற்றில் இரண்டு மோட்டாரும் ஒரே வரிசை. முன் மோட்டார் வழியாகப் போகும் அதே ஆம்பியர்தான் பின் மோட்டார் வழியாகவும் போகும். ஆம்பியர் ஒன்று என்றால் முறுக்கும் ஒன்று. வோல்ட்டை மட்டும் இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும், அதுவும் சமமாக இல்லை. எது வேகமாகச் சுற்றுகிறதோ அது அதிகம் பிடுங்கிக்கொள்ளும்.

இணைக்கரையில் நேர்மாறு. இரண்டுக்கும் ஒரே வோல்ட், அதனால் ஏறத்தாழ ஒரே வேகம். ஆம்பியரை அவரவர் தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது மேலே சொன்ன பாறைக்குத் திரும்புவோம். அதே கால்வாசித் த்ராட்டில், அதே 2.8 வோல்ட்.

தொடரில் இரண்டு ஆக்சிலும் சிக்கி நின்றால் மொத்தத் தடை 0.6 ஓம். ஆளுக்கு 4.6 ஆம்பியர், இரண்டும் சமமாக முட்டுகின்றன. திடீரென்று முன்சக்கரம் பிடி நழுவிச் சுழலத் தொடங்குகிறது. சுழன்றதும் அதன் எதிர் மின்னழுத்தம் ஏறி, 2.2 வோல்ட்டை அதுவே விழுங்கிவிட்டது என்று வைப்போம். மீதி 0.6 வோல்ட். சுற்றில் ஓடுவது வெறும் 1 ஆம்பியர். பாறையை இறுகப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்கும் பின்சக்கரத்துக்கும் அதே 1 ஆம்பியர்தான். பலம் கால் பங்குக்கும் கீழே போய்விட்டது. பின்சக்கரம் நிற்கிறது, மோட்டார் முனகுகிறது. பக்கத்தில் இருப்பவர் தீர்ப்புச் சொல்கிறார்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. ஒரு சக்கரம் சேற்றில் சுழல, தார்ரோட்டில் இருக்கும் மறுசக்கரம் சும்மா நிற்கும். டிஃபரன்ஷியல் செய்கிற வேலை அது. தொடர் மின்சுற்று என்பது ஒயரில் செய்த டிஃபரன்ஷியல். ஷாஃப்ட்டை எடுத்துவிட்டு நடுவில் நாமே ஒரு டிஃபரன்ஷியலை வைத்துக்கொண்டோம், தெரியாமலேயே.

இணைக்கரையில் அதே சம்பவம்: முன்சக்கரம் சுழல்கிறது, ஒன்றோ இரண்டோ ஆம்பியர் எடுக்கிறது. பின் மோட்டாருக்கு முழு 2.8 வோல்ட் இன்னமும் இருக்கிறது, 9.3 ஆம்பியர் வரை எடுத்துக்கொண்டு வண்டியைத் தள்ளும். நடுவில் பூட்டிய ஷாஃப்ட் வண்டிக்கு இது கிட்டத்தட்ட சமம். முழுக்க அல்ல; இரும்புப் பூட்டு ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்காது, ஒயர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

முன்சக்கரம் ஏன் முதலில் நழுவுகிறது?

ஏற்றத்தில் எடை பின்னால் சாய்கிறது. இதையும் கணக்கில் பார்த்தால்தான் தொடர் மின்சுற்று எவ்வளவு மோசமான நேரத்தில் கைவிடுகிறது என்று புரியும்.

முன்னும் பின்னும் உள்ள சக்கரங்களுக்கு இடைவெளி 310 மில்லிமீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து 80 மில்லிமீட்டர் உயரம். பேட்டரியை முன்னால் வைத்து, சமதரையில் முன் ஆக்சிலில் 60 விழுக்காடு, பின்னால் 40 விழுக்காடு எடை என்று கட்டியிருக்கிறோம். வண்டி 45 பாகைச் சரிவில் ஏறும்போது உயரத்தை இடைவெளியால் வகுத்த அளவு, அதாவது சுமார் 26 விழுக்காடு, முன்னிலிருந்து பின்னுக்குப் போய்விடும். முன் 34, பின் 66. அவ்வளவு சிரமப்பட்டு முன்னால் ஏற்றி வைத்த எடை ஒரே பாறையில் தலைகீழ்.

தொடர் மின்சுற்று இரண்டு ஆக்சிலுக்கும் சமமான முறுக்கைத்தான் கொடுக்கும். 34 விழுக்காடு எடை தாங்கும் முன்சக்கரம் அந்தச் சம பங்கைத் தாங்காமல் முதலில் நழுவும். நழுவியதும் 66 விழுக்காடு எடையோடு நல்ல பிடியில் இருக்கும் பின் ஆக்சிலும் பலமிழக்கும். வண்டிக்கு எப்போது பின் ஆக்சில் மிகவும் தேவையோ அப்போதுதான் அது கழன்றுகொள்கிறது.

இறக்கத்தில் இன்னும் வேடிக்கை. கிராலர் இஎஸ்சிகளில் த்ராட்டிலை விட்டதும் தானாகப் பிடிக்கும் டிராக் பிரேக் இருக்கும். மோட்டாரின் இரண்டு முனைகளையும் இஎஸ்சி உள்ளுக்குள்ளேயே ஒன்று சேர்த்துவிடுவதுதான் அந்த பிரேக். தொடரில் சேர்த்த வண்டி தலைகுப்புற இறங்கும்போது பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால், முன் மோட்டார் உண்டாக்கும் மின்சாரம் பின் மோட்டாரை எதிர்த் திசையில் சுற்றவைக்கும். பின்சக்கரம் அந்தரத்தில் பின்னோக்கிச் சுழல, முன் ஆக்சிலில் பிரேக்கே இல்லாமல் வண்டி உருண்டு போய்ச் சேரும். பார்க்கிறவர்களுக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

தொடர் மின்சுற்றுக்கு ஒரு நியாயமும் உண்டு. ஆளுக்குப் பாதி வோல்ட் என்பதால் வண்டி மெதுவாகப் போகும், மோட்டார் அதிகம் சூடாகாது. மேசையில் ஓட்டிப் பார்த்தால் இணைக்கரையைவிட நயமாகத் தெரியும். அதை நம்பித்தான் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மெதுவாக வேண்டுமானால் டர்ன் கூடிய மோட்டாரைப் போடலாம், மோட்டார் முனையில் இருக்கும் பினியன் என்ற பல்சக்கரத்தைச் சின்னதாக்கலாம். அதற்காகத் தொடரில் சேர்ப்பது சரியான வழியில்லை.

உங்கள் வண்டி எந்த வகை என்று ஒயரைப் பிரிக்காமலேயே கண்டுபிடிக்கலாம். வண்டியை ஒரு பெட்டி மேல் ஏற்றி நாலு சக்கரமும் அந்தரத்தில் இருக்கும்படி வையுங்கள். மிகக் குறைந்த த்ராட்டில் கொடுங்கள். ஒரு மரக்கட்டையை முன் டயரில் அழுத்தி நிறுத்துங்கள். கையால் பிடிக்க வேண்டாம், கியர் குறைப்பு அதிகம், விரலை இழுத்துவிடும். முன் டயர் நின்றதும் பின் டயர் சட்டென்று வேகமெடுத்தால் தொடர். பின் டயர் தன் போக்கில் அதே வேகத்தில் சுற்றினால் இணைக்கரை, அல்லது இரண்டு தனி இஎஸ்சி. ஒரு நிமிட வேலை. புது மோட்டாருக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை.

இணைக்கரைக்கு மாறினால் கவனிக்க வேண்டியவை

ஆம்பியர்தான் முதல் கவலை. முழுத் த்ராட்டிலில் ஒரு மோட்டார் நின்றால் 11.1-ஐ 0.3-ஆல் வகுக்க 37 ஆம்பியர். இரண்டும் நின்றால் 74. அந்த ஒரு இஎஸ்சி இரண்டையும் சுமக்கவேண்டும். பெட்டியில் 60 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பது காற்றோட்டம் உள்ள நிலைக்கு. பினாங்கு மதிய வெயிலில், பிளாஸ்டிக் பாடிக்குள், நகராத வண்டியில் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

அடுத்தது திசை. எம்ஓஏ வண்டியில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் ஒரே மாதிரிப் பொருள்கள். வண்டி முன்னே போக ஒரு மோட்டார் இடப்பக்கமாகச் சுற்றினால் மற்றது வலப்பக்கமாகச் சுற்றவேண்டி வரும். பிரஷ் மோட்டாரில் ஒரு மோட்டாரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிவிட்டால் போதும். ஆனால் மோட்டாரின் டைமிங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சில மோட்டார்களில் பின் மூடியைக் கொஞ்சம் திருப்பி, பிரஷ் படும் இடத்தை ஒரு திசைக்குச் சாதகமாக முன்னே தள்ளியிருப்பார்கள். அந்தத் திசையில் வேகம் கூடும், எதிர்த் திசையில் குறையும், பிரஷ்ஷில் பொறியும் அதிகம் பறக்கும். இப்படிப்பட்ட இரண்டு மோட்டாரை முன்னும் பின்னும் போட்டால் முன்னே போகும்போது ஒரு ஆக்சில் முந்தும், ரிவர்ஸில் மற்றது முந்தும். எம்ஓஏவுக்கு டைமிங் பூஜ்யத்தில் இருக்கும் மோட்டார்தான் பொருந்தும்.

மூன்றாவது, ஜோடி. ஒரே மாடல், ஒரே டர்ன், ஏறத்தாழ ஒரே வயது. தேய்ந்த பிரஷ்ஷோடு ஒன்றும் புதுசாக ஒன்றும் போட்டால் ஒரே வோல்ட்டுக்கு இரண்டு வேகம் வரும். முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சூடாகும்.

இரண்டு இஎஸ்சி: எப்போது பயன், எப்போது வீண்?

இரண்டு இஎஸ்சி வைத்து, இரண்டுக்கும் ஒய் கேபிளில் (ஒன்று இரண்டாகப் பிரியும் ஒயர்) ஒரே சிக்னலைக் கொடுப்பவர்கள் உண்டு. நடத்தையில் இது இணைக்கரையை ஒத்தது. ஆம்பியர் சுமை இரண்டாகப் பிரிகிறது, அவ்வளவே லாபம். மலிவான இரண்டு இஎஸ்சியை இப்படிப் போடுவதைவிட அந்தக் காசுக்கு ஒரு நல்ல இஎஸ்சி வாங்குவது மேல் என்பது என் கணிப்பு.

ஒய் கேபிளில் ஒரு பொறி இருக்கிறது. இஎஸ்சியிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று ஒயரில் நடுவில் இருக்கும் சிவப்பு, ரிசீவருக்கும் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் செர்வோவுக்கும் மின்சாரம் கொடுப்பது. அதைக் கொடுக்கும் உறுப்பைப் பெக் (BEC) என்பார்கள். இரண்டு இஎஸ்சியின் பெக்கும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒன்றோடொன்று மோதும். ஒரு இஎஸ்சியின் சிவப்பு ஒயரை மட்டும் பிளக்கிலிருந்து உருவி டேப் சுற்றி வைத்துவிட வேண்டும். அறுத்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டு இஎஸ்சியின் உண்மையான பலம் ரிசீவரில் ஆளுக்கொரு சேனல் கொடுத்து, டிரான்ஸ்மிட்டரில் கலவை (மிக்சிங்) செய்யும்போதுதான், அதாவது ஒரே த்ராட்டிலை இரண்டு சேனலுக்கும் வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கும்போதுதான் வருகிறது. ஃபுட்டாபா நிறுவனத்தின் சில பிஸ்டல் வகை டிரான்ஸ்மிட்டர்களில் இதற்கென்றே இரட்டை இஎஸ்சி கலவை உண்டு. அப்படி ஒன்று கையில் இல்லாமல் இரண்டாவது இஎஸ்சி வாங்கினால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. கலவை இருந்தால் செய்யக்கூடியவை:

1. டிக். பின் ஆக்சிலை நிறுத்திவிட்டு முன் ஆக்சிலை மட்டும் ஓட்டுவது. பின்சக்கரம் நங்கூரம் மாதிரி நிற்க, முன்சக்கரம் மூக்கை அதைச் சுற்றி இழுத்துத் திருப்பும். ரிவர்ஸ் எடுத்தால் புள்ளி போகும் போட்டிகளில் இது கைகொடுக்கும் வித்தை. இணைக்கரை வண்டியில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துப் பின் மோட்டாரைத் துண்டித்து அதன் முனைகளைச் சேர்த்தும் இதைச் செய்யலாம். ஆனால் முழு அளவு, சுழி என்ற இரண்டு நிலைதான் கிடைக்கும்.

2. முன் முந்துதல். முன் ஆக்சில் பின்னதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்படி வைப்பது. வண்டி எப்போதும் மூக்கால் இழுபட்டுப் போகும், வளைவும் சிறிதாகும். ஷாஃப்ட் வண்டியில் இதற்குக் கியர் மாற்றவேண்டும். இங்கே ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

3. பின் மட்டும். முன்னை நிறுத்திப் பின்னால் தள்ளுவது. அரிதாகத்தான் தேவைப்படும்.

டிக் பற்றி ஒரு ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். “பின் ஆக்சில் லாக் ஆகவில்லை, மெல்ல ஊர்ந்து இறங்குகிறது, இஎஸ்சி பழுதா?” என்ற கேள்வி ஓயாமல் வருகிறது. பழுது இல்லை. டிராக் பிரேக் வேலை செய்வது மோட்டார் சுற்றும்போது அதுவே உண்டாக்கும் மின்சாரத்தால். சுற்றினால்தான் மின்சாரம், மின்சாரம் இருந்தால்தான் பிடி. மோட்டார் முழுக்க நின்றுவிட்டால் பிடிக்க எதுவும் மிச்சம் இல்லை. சரிவு இழுக்க, மோட்டார் கொஞ்சம் சுற்ற, மறுபடி பிடிக்க. ஊர்ந்து இறங்கும் அந்த வேகம்தான் சரிவின் இழுப்பும் பிரேக்கின் பிடியும் சமமாகும் இடம். கியர் குறைப்பைக் கூட்டினால் ஊர்தல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும்.

25 மைக்ரோவினாடியில் இருக்கிறது சண்டை

இரண்டு இஎஸ்சி போட்டவர்களின் அடுத்த புகார்: நகரத் தொடங்கும்போது முன் ஆக்சில் மட்டும் முதலில் அசைகிறது, பின்னது கொஞ்சம் கழித்து விழிக்கிறது. காரணம் சிக்னலில் இருக்கிறது.

ரிசீவர் இஎஸ்சிக்கு அனுப்புவது ஒரு துடிப்பு. பொதுவாக 1500 மைக்ரோவினாடி நீளம் என்றால் நடுநிலை, 2000 என்றால் முழு முன்னோக்கு, 1000 என்றால் முழு ரிவர்ஸ். அப்படியானால் முன்னோக்கு முழுவதும் 500 மைக்ரோவினாடிக்குள் அடங்கிவிடுகிறது. கிராலர் பாறையில் தொடங்குவது 5 விழுக்காடு த்ராட்டிலில், அதாவது வெறும் 25 மைக்ரோவினாடி. ஒரு இஎஸ்சி நடுநிலையை 1500 என்றும் மற்றது 1510 என்றும் நினைத்துக்கொண்டிருந்தால் ஒன்று 5 விழுக்காடு என்று ஓடும், மற்றது 3 விழுக்காடு என்று தூங்கும். பந்தயக் காரில் 2 விழுக்காட்டை யாரும் கவனிக்க மாட்டார்கள். கிராலரில் அது முழு வித்தியாசம்.

இதைச் சரிசெய்யும் வரிசை:

1. டிரான்ஸ்மிட்டரில் டிரிம் (நடுநிலையைச் சற்றே நகர்த்தும் அமைப்பு) பூஜ்யம், எல்லைகள் 100, கலவை எல்லாம் அணைப்பு.
2. ஒரு இஎஸ்சியை மட்டும் அதன் சேனலில் இணைத்து, அதன் கையேட்டில் உள்ளபடி நடுநிலை, முன், பின் மூன்றையும் கற்றுக்கொடுப்பது. சிவப்பு ஒயர் உருவிய இஎஸ்சி என்றால் ரிசீவருக்கு வேறு வழியில் மின்சாரம் வேண்டும்.
3. அடுத்ததற்கும் தனியாக அப்படியே. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எது கற்றது, எது கற்கவில்லை என்றே தெரியாது.
4. பஞ்ச் (த்ராட்டிலுக்கு எவ்வளவு சட்டென்று பாயும் என்ற அமைப்பு), டிராக் பிரேக், பேட்டரி வகை மூன்றும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்ப்பது.
5. வண்டியைத் தூக்கி வைத்து மெல்ல த்ராட்டில் கொடுத்து, இரண்டு ஆக்சிலும் எப்போது விழிக்கின்றன என்று பார்த்து, பிந்துவதன் டிரிம்மை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுவது.

இத்தனை செய்தும் ஒரு ஆக்சில் பிந்தினால் மின்சாரத்தை விட்டுவிட்டு இரும்பைப் பாருங்கள். கியர் அளவுக்கு மேல் இறுகியிருக்கலாம், பேரிங்கில் மணல் புகுந்திருக்கலாம்.

பிரஷ் இல்லாத மோட்டார் என்றால்

மேலே சொன்ன தொடர், இணைக்கரை வாதமே பிரஷ்லெஸ்ஸில் எழாது. ஒரு பிரஷ்லெஸ் இஎஸ்சி இரண்டு மோட்டாரை ஓட்ட முடியாது. உள்ளே இருக்கும் காந்தம் இந்தக் கணத்தில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ப மூன்று சுருள்களுக்கும் மாறி மாறி மின்சாரம் கொடுக்கவேண்டிய வேலை அது. இரண்டு மோட்டாரின் காந்தம் இரண்டு இடத்தில் இருக்கும். யாரைப் பார்த்து ஓட்டுவது? ஆக்சிலுக்கு ஒரு இஎஸ்சி கட்டாயம்.

சென்சார் இல்லாத வகை, காந்தத்தின் இடத்தை எதிர் மின்னழுத்தத்தை வைத்து ஊகிக்கிறது. கிராலர் ஓடும் வேகத்தில் அந்த மின்னழுத்தம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதனால்தான் புறப்படும்போது திக்கித் திக்கி உதறுகிறது. காந்தத்தின் இடத்தை நேரடியாக உணரும் ஹால் சென்சார் உள்ள வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. காந்தம் நிற்கும் கோணத்துக்கு ஏற்பச் சுருள்களின் மின்சாரத்தைத் துல்லியமாக அளந்து கொடுக்கும் எஃப்ஓசி முறையில் ஓடும் இஎஸ்சிகள் இன்னும் ஒரு படி மேல். நின்ற நிலையிலும் மின்சாரம் கொடுத்து மோட்டாரை இறுக்கிப் பிடிக்க முடியும் என்பதால் டிக் உண்மையிலேயே லாக் மாதிரி இருக்கும். திசை மாற்ற, சென்சார் வகையில் ஒயரை இடம் மாற்றக் கூடாது. இஎஸ்சி அமைப்பில்தான் மாற்றவேண்டும்.

பேட்டரி தீரும் நேரத்துப் போலிக் கோளாறு

இரண்டு இஎஸ்சியும் ஒரே லிப்போவில் குடிக்கின்றன. செல் வோல்ட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் பேட்டரியைக் காப்பாற்ற இஎஸ்சி தானாக மின்சாரத்தைக் குறைக்கும். ஒன்றில் இந்த எல்லை 3.2 வோல்ட், மற்றதில் 3.4 என்று இருந்தால், ஓட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களில் ஒரு ஆக்சில் மட்டும் பலம் இழக்கும். ஏற்றத்தில் சுமை கூட வோல்ட் சரியும், ஆக்சில் விழும். சமதரைக்கு வந்ததும் வோல்ட் மீளும், எதுவும் நடக்காத மாதிரி ஓடும். கடையில் காட்டினால் நன்றாகத்தான் இருக்கும். இரண்டிலும் ஒரே எல்லையை வையுங்கள்.

கடலோரப் பாறைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. இஎஸ்சியில் நீர்ப்புகா என்று எழுதியிருப்பது இஎஸ்சிக்கு மட்டும். பிரஷ் மோட்டார் ஓடைத் தண்ணீரில் நனைந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடும். உப்புத் தண்ணீர் கம்யூட்டேட்டரிலும் (பிரஷ் உரசும் செம்புப் பகுதி) பேரிங்கிலும் காய்ந்தால் அந்த மோட்டாரின் வேகம் அதன் ஜோடியோடு இனி ஒத்துப்போகாது. தெலுக் பகாங் பக்கத்து ஓடையில் ஓட்டிவிட்டு வந்தால் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். கடல் நீர் பட்டிருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, காற்றடித்துக் காயவைத்து, பேரிங்குக்கு எண்ணெய் விட்ட பிறகுதான் வண்டியை அலமாரியில் ஏற்றவேண்டும்.